ஆளில்லாத ஆற்றங்கரை

எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்டாஃபர்ட் மேசைமேல் ஒரு சின்ன ஒலிபெருக்கியை எடுத்து வைத்தபோதே என்ன வரப்போகிறது என்று நோலீனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு பாட்டு, யுவர் ஆனர். நாலு நிமிஷம்தான்" என்றார் ஸ்டாஃபர்ட்.

கோர்ட்டு அன்றைக்கு ஆற்றங்கரைக்கே வந்திருந்தது. கூலிபா என்கிற தைலமரத்தடியில் மடக்கு மேசைகள், மடக்கு நாற்காலிகள், அந்தப்பக்கம் ஒரு ஜெனரேட்டர். நீதிபதி அம்மாள் பெரிய துணித்தொப்பி போட்டுக்கொண்டு, பேனாவால் எழுதுவதும் இடது கையால் ஈ ஓட்டுவதுமாக இருந்தாள். இந்தப்பக்கம், ஏழாம் மைல் என்கிற இந்தக் கரைக் குடியிருப்பின் பூர்வகுடி ஜனங்கள் நாற்பது பேர். சாட்சி நாற்காலியில் நோலீன். ஐம்பது வயசு, நரைத்த சுருட்டை முடி, வானொலி வைத்திருக்கிற யாருக்கும் தெரிந்த குரல்.

வக்கீல் பொத்தானை அழுத்தினார். இருபத்திரண்டு வயசு நோலீன் பாட ஆரம்பித்தாள்.

*அடுப்பெல்லாம் ஆறிப்போச்சு, புகையொண்ணும் காணலியே,*
*ஆத்தங்கரை இருக்குது, ஆளொருத்தர் இல்லையே.*

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாட்டு. கீழே அவள் குழுவில் வாசித்த கிளாரியின் பேஸ் கிதார் ஒரு அடி விட்டு ஒரு அடி வைத்து நடக்க, மேலே அந்தக் குரல் கிறிஸ்தவக் கோயில் பாட்டில் பழகிய இழுவையோடு ஏறி, உச்சியில் லேசாக உடையும். உடைகிற அந்த இடத்தில் லட்சம் பேர் அழுதிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் அன்றைக்கு யாரும் அழவில்லை. நாற்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு இதுதான். இந்த ஆறும் இரண்டு கரையும் எங்களுடையது என்று ஏழாம் மைல் ஜனங்கள் பதினாலு வருஷமாகக் கேட்கிறார்கள். ஆற்றின் மேல்பக்கம் ஒரு பருத்திக் கம்பெனி பம்பு வைத்துத் தண்ணீரை உறிஞ்சக் காத்திருக்கிறது. சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: வெள்ளைக்காரன் வந்த நாளிலிருந்து நீங்கள் விட்டுப்போகாமல் இருந்தீர்களா, உங்கள் முறைகளை விடாமல் வைத்திருந்தீர்களா? அடித்து விரட்டினவனே வந்து 'ஏன் போனாய்?' என்று கேட்கிற கேள்வி அது. வயிறு எரியும். எரிந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

பாட்டு முடிந்தது. ஸ்டாஃபர்ட் மரியாதையான மனுஷன், குரலை உயர்த்தவே இல்லை. "இது உங்க குரல்தானே, மேடம்?"

"ஆமா."

"எந்த ஆத்தங்கரை?"

"இதுதான்."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூணுல ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தீங்க. வாசிக்கிறேன். 'அங்கே இப்போது யாரும் இல்லை. எங்கள் ஆட்களில் நான்தான் கடைசி.' நீங்க சொன்னதுதானே?"

அதற்கு நோலீன் வாயைத் திறப்பதற்குள் ஏழாம் மைல் ஜனங்களின் வக்கீல் ஹெதர் எழுந்து, வெயில் ஏறிவிட்டது, சாட்சிக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நீதிபதி இருபது நிமிஷம் கொடுத்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நோலீனுக்குச் சோறு போட்டதும் அந்த வாய்தான். மிஷன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாடின பிள்ளை அவள். பதினேழு வயசில் பிரிஸ்பேனுக்குப் போய் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தாள், சனிக்கிழமை நடனக் கூடங்களில் சோல் பாட்டுப் பாடினாள். மாமன் மகன் கிளாரி எங்கிருந்தோ ரெக்கே தாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டையும் சேர்த்துக் குழைத்து 'ஏழாம் மைல்' என்று ஒரு குழு கட்டினார்கள். நிலம் கேட்டு ஊர்வலம் போனார்கள், போலீஸ் வண்டியில் ஏறினார்கள், லாக்கப்பில் செத்த பையன்களுக்காகக் கோர்ட்டு வாசலில் நின்று பாடினார்கள். அப்புறம் அந்த ஒரு பாட்டு வந்தது. சுவா, போர்ட் மோர்ஸ்பி, லண்டன் என்று அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடப் பாடுகிற பாட்டு. முப்பது வருஷ வாழ்க்கையே அதன்மேல்தான் நின்றது.

ஹெதர் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பெண், முகமெல்லாம் வியர்வை.

"பாட்டுன்னா கற்பனைன்னு சொல்லிருங்க, ஆன்ட்டி. கவிஞர்கள் அப்படித்தான் எழுதுவாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்லை."

"பேட்டி?"

"பத்திரிகைக்காரன் மாத்தி எழுதிட்டான்னு..."

"மாத்தி எழுதலை. ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் நான் அதையேதான் சொன்னேன்."

ஹெதர் குரலைத் தாழ்த்தினாள். "பொய் சொன்னேன்னு மட்டும் ஒத்துக்காதீங்க. ஒத்துக்கிட்டா நீங்க சொல்ற எதையும் நம்பமாட்டாங்க. பேப்பர்காரங்க வேற உக்காந்திருக்காங்க. உங்க பேரும் போயிடும், கேஸும் போயிடும்."

கிளாரி சிகரெட்டோடு வந்து நின்றான். மாமன் மகன் என்கிற உரிமையில் எந்த நேரத்திலும் கேலி பண்ணுவான். "என்ன நோலி, லண்டன்ல உனக்கு எழுந்து நின்னு கை தட்டினாங்க. இங்க ஒருத்தனும் தட்டலையே. பேஸ் வாசிச்சவன் சரியில்லையோ?"

"போ மச்சான், நானே செத்துக்கிட்டிருக்கேன்."

"நீதான் கடைசி ஆளாச்சே. நீயும் செத்துட்டா பொணம் எடுக்க யாரு வர்றது?"

சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். ஏனென்றால் பத்தடி தூரத்தில், மரத்தடி நாற்காலியில், பெரியம்மா மாவிஸ் உட்கார்ந்திருந்தாள்.

நோலீனின் அம்மாவுக்கு மூத்தவள். எழுபத்தெட்டு வயசு. அம்மா போனபிறகு அம்மா ஸ்தானம் அவளுக்குத்தான். நோலீன் கிறிஸ்துமஸுக்குப் போர்வையும் மாவு மூட்டையும் கொண்டு வருவாள், பெரியம்மா மீன் சுட்டுப் போடுவாள், ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசினதில்லை. வானொலியில் அது வந்தால் பெரியம்மா எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் போவாள். நோலீன் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறாள்.

இப்போதும் பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோலீனுக்கு அவமானமாக இருந்தது. ஐம்பது வயசில் இப்படி ஒரு அவமானம் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஸ்டாஃபர்ட் விட்ட இடத்திலேயே பிடித்தார். "'எங்கள் ஆட்களில் நான்தான் கடைசி.' சொன்னீங்களா, மேடம்?"

"சொன்னேன்."

"இன்னைக்குக் காலையில சத்தியம் பண்ணிட்டு, ஜனங்க எப்பவும் இங்கதான் இருந்தாங்கன்னு சொன்னீங்க. எது பொய்? அப்ப சொன்னதா, இப்ப சொல்றதா?"

ஹெதர் ஆட்சேபிக்க எழுந்தாள். அதற்குள் நோலீன் சொல்லிவிட்டாள்.

"அப்ப சொன்னது."

பேப்பர்காரர்கள் தலை நிமிர்ந்தார்கள். ஸ்டாஃபர்ட்டே இதை எதிர்பார்க்கவில்லை. "பொய் சொன்னீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"கைதட்டலுக்கு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கம்மா. நிதானமாச் சொல்லுங்க."

நோலீன் தண்ணீர் குடித்தாள். மைக் இல்லாமல் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மடியில் கட்டிக்கொண்டாள்.

"எண்பத்து ஒண்ணுல எங்கம்மா இந்த மரத்தடியிலதான் போனாங்க. எங்ககிட்ட ஒரு முறை இருக்கு. ஒருத்தர் போயிட்டா அவங்க இருந்த எடத்துல யாரும் இருக்கக்கூடாது. அடுப்பை அணைச்சு, சாம்பலை மூடி, எல்லாருமே கெளம்பிடணும். பெரியவங்க வந்து இலைப்புகை போட்டு எடத்தைத் திறக்கிற வரைக்கும் யாரும் கால் வைக்கக்கூடாது. அது ஒரு வருஷமும் ஆகும், அஞ்சு வருஷமும் ஆகும். ரெண்டு வருஷம் கழிச்சு நான் வந்து பார்த்தேன். கரை காலியா இருந்தது. புகை இல்லை. நான் பாடினது அதைத்தான். காலியா இருந்தது நெசம்."

"அப்படின்னா ஜனங்க எங்கே?" என்று கேட்டாள் நீதிபதி.

"அதோ அந்த வளைவு தாண்டி. நடந்தா ஒரு சிகரெட் முடியற தூரம். அங்க கூரை போட்டு, அடுப்பு மூட்டி, எல்லாரும் இருந்தாங்க. ரெண்டு வருஷமா ஒரு குழந்தைகூட வளைவைத் தாண்டி இங்க வரலை. எங்க சட்டம் செத்துப்போனதால இந்தக் கரை காலியாக் கெடக்கலை, யுவர் ஆனர். சட்டம் இருந்ததாலதான் காலியாக் கெடந்தது."

நீதிபதி எழுத ஆரம்பித்தாள். ஸ்டாஃபர்ட் விடவில்லை, அவர் வேலை அது. "அவங்க அங்க இருந்தது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பாட்டு எழுதறதுக்கு முன்னாடியே?"

'தெரியும்' என்றதோடு நோலீன் நிறுத்தியிருக்கலாம். வழக்குக்கு அது போதும். ஆனால் பத்தடியில் அந்தக் கிழவி உட்கார்ந்திருந்தாளே.

"அன்னைக்கு மத்தியானம் வளைவு தாண்டிப் போனேன். பெரியம்மா சாம்பல்ல ரொட்டி சுட்டுக் கொடுத்தா. பசியோட போயிருந்தேன், மூணு துண்டு தின்னேன். ராத்திரி பஸ்சுல போறப்ப இந்தப் பாட்டை எழுதினேன். முதல்ல வளைவுக்கு அந்தப்பக்கத்துப் புகையையும் சேர்த்துத்தான் எழுதிப் பார்த்தேன். பாட்டு நிக்கலை. எடுத்துட்டேன். நின்னுது. மேடையில பாடினப்போ ஜனங்க அழுதாங்க. இருக்கிறவங்களுக்காகக் கத்தினப்போ யாரும் திரும்பிப் பார்க்கலை. போனவங்களுக்காகப் பாடினப்போ எல்லாரும் அழுதாங்க. அப்படியே விட்டுட்டேன்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். தன் வாயாலேயே சத்தியம் பண்ணிச் சொல்லியாயிற்று. ஸ்டாஃபர்ட் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு எல்லோரும் போனபிறகு பெரியம்மா டீ போட்டாள். தகர டப்பாவில் கொதிக்கக் கொதிக்க, கறுப்பாக. ஒரு குவளையை நோலீன் முன்னால் வைத்தாள்.

"நல்லாத்தான் சொன்ன" என்றாள்.

"என்னை மன்னிச்சிரு பெரியம்மா."

"எண்பத்தஞ்சுல தண்ணிக்குழாய் கேட்டு எழுதிப் போட்டோம். ஒரு ஆபீசர் வந்தான். சிரிக்கிறான். 'அங்க யாரும் இல்லைன்னு உங்க பொண்ணே ரேடியோவுல பாடறாளே'ன்னான். நான் அவன் முன்னாடி நிக்கிறேன், இடுப்புல பேரக்குழந்தை வேற. என்னைப் பார்த்துக்கிட்டே சொல்றான்."

நோலீன் டீயைத் தொடவில்லை. "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"செத்தவ எப்படிடீ சொல்லுவா?" பெரியம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னைக்கு நாப்பது பேர் முன்னாடி சொன்ன. அந்தப் பாட்டைக் கேட்டவங்க எத்தனை பேரு?"

நோலீன் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். பெரியம்மா தடுக்கவில்லை, தன் டீயைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் பேப்பரில் 'பொய்ப் பாட்டு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. நோலீன் அந்தப் பாட்டை அதற்கப்புறம் பாடவில்லை. ஒவ்வொரு மேடையிலும் ஏன் பாடமாட்டேன் என்பதைச் சொன்னாள். ஜனங்கள் இரக்கமாகக் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள், கடைசியில் "இருந்தாலும் அந்த ஒண்ணைப் பாடுங்களேன்" என்றார்கள். விழாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர்களாவது பரவாயில்லை. லாக்கப்பில் தம்பியைப் பறிகொடுத்த ஒருத்தி போன் பண்ணி, "அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டுத்தான் அவனைப் பொதைச்சோம். அதையும் பொய்யாக்கிட்டியே அக்கா" என்று அழுதாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கிளாரி மட்டும் ஒரு கேலியும் பண்ணவில்லை. அதிலிருந்தே விஷயம் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆறு ஏழாம் மைல் ஜனங்களுடையது. கரை காலியாக இருந்ததைப் பற்றி நீதிபதி தனியாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள். காலியாக விட்டதே வழக்கம் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி என்று அதில் இருந்தது.

தீர்ப்பைக் கரையிலேயே வந்து வாசித்தார்கள். நகரத்திலிருந்து நாலு பஸ் நிறைய ஆதரவாளர்கள் வந்திருந்தார்கள், கூட்டம் முந்நூறைத் தாண்டும். நல்லவர்கள். இந்த வழக்குக்காக ஊர்வலம் போனவர்கள், மழையில் நின்றவர்கள். நீதிபதி வாசித்து முடித்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு லாரியின் முதுகுதான் மேடை. நோலீனும் கிளாரியும் ஏறி நாலு பாட்டுப் பாடினார்கள், அந்தப் பாட்டைத் தவிர. பின்னால் குழியில் கங்காரு வால் வெந்துகொண்டிருந்தது. பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெயில் ரொட்டி தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது பாட்டு முடிந்து நோலீன் இறங்கப்போன நேரத்தில், கூட்டத்தில் யாரோ ஆரம்பித்தார்கள்.

*அடுப்பெல்லாம் ஆறிப்போச்சு...*

ஒரு குரல், பத்துக் குரல், அப்புறம் முந்நூறும். அவளுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள். நீங்கள் பாடவேண்டாம், உங்களுக்காக நாங்கள் பாடுகிறோம் என்று நினைத்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிய, அந்த ஆற்றின் கரையிலேயே நின்று, அங்கே இருக்கிற ஜனங்களின் முகத்துக்கு நேராக, *ஆளொருத்தர் இல்லையே* என்று பாடினார்கள்.

"நிறுத்தச் சொல்லு நோலி" என்றான் கிளாரி.

நோலீன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக இதே மைக்கில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் காதில் ஏறியது? இன்னொரு தடவை சொன்னால் இவர்கள் கேட்பார்கள், வருத்தப்படுவார்கள், ஊருக்குப் போய்த் திரும்பவும் பாடுவார்கள். அவள் மைக்கைக் கீழே வைத்தாள். லாரியிலிருந்து இறங்கி அடுப்பங்கரைக்கு நடந்தாள்.

பெரியம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தியிருந்தாள். வாளி பக்கத்தில்தான் இருந்தது, கை அதன் பிடியில் இருந்தது.

"எந்திரி பெரியம்மா."

"எதுக்கு? நான் தண்ணிக்குப் போறேன்."

"வேண்டாம். என்கூட வா. அவங்க உன்னைப் பார்க்கணும்."

"நான் என்ன கண்காட்சியா?"

"இல்லை. நான் சொன்னா கேட்கமாட்டேங்கிறாங்க. நீ நின்னாப் போதும். உனக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடறேன்."

பெரியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் வாளியிலிருந்து கையை எடுத்து, நோலீனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடந்தாள். இருவரும் கூட்டத்துக்கு நடுவில் போனார்கள். இடித்துக்கொண்டு போகவில்லை, ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று நின்று போனார்கள். கண்ணைத் திறந்தவர்கள் எதிரில் மாவு அப்பிய கையோடு ஒரு கிழவி நிற்பதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாய் நின்றது. ஒரு வரிசை நின்றது, அடுத்த வரிசை நின்றது. பக்கத்துக் குரல் நின்றதும் இன்னும் சிலர் கண்ணைத் திறந்தார்கள்.

கடைசியில் ஒரே ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். நடுத்தர வயசு, நகரத்துப் பெண், நல்ல குரல். கண்ணை இறுக மூடியிருந்தாள். *ஆளொருத்தர்* என்று இழுத்தபோது தன் குரல் மட்டும் தனியாகக் கேட்பது தெரிந்து கண்ணைத் திறந்தாள். பெரியம்மா ஒரு கை தூரத்தில் நின்றாள்.

அந்தப் பெண் மிச்ச வார்த்தையைப் பாடவில்லை.

"நான் மாவிஸ்" என்றாள் பெரியம்மா. "பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன்."

முந்நூறு பேரில் ஒருத்தரும் கை தட்டவில்லை. நோலீன் அந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாக மேடை மேடையாக அவள் கேட்டது கைதட்டலைத்தான். இன்றைக்கு அது வரவில்லை, வரவும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.